கதம் சாஹேபுக்கு நல்ல வார்த்தை தேடிய பத்து நாள்

நான் வேலை பார்த்த கம்பெனியில் போன மாதம் மூன்று பேர் ஒரே நாளில் ரிட்டயர் ஆனார்கள். மூன்று பேருக்கும் ஷால், தேங்காய், கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல். வீட்டுக்குப் போய் நிதானமாகப் படித்துப் பார்த்த ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் மற்ற இருவரையும் மடலோடு கம்பெனி இருக்கும் ஹடப்சரில் ஒரு டீக்கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார். மூன்று சட்டங்களையும் பெஞ்சில் வரிசையாக வைத்துப் பார்த்தால், பெயரும் கம்பெனி டிக்கெட் நம்பரும் தவிர மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மூன்று பேரோடும் ஒரு சகாப்தம் முடிந்திருந்தது. மூன்று பேரும் ஆலமரமாக நின்று நிழல் தந்திருந்தார்கள். அதில் ஒருவர் முப்பது வருடம் வெயிலில் நின்று லாரிக்குச் சரக்கு ஏற்றியவர். "எனக்கே நிழல் இல்ல, நான் எங்கேர்ந்து குடுத்தேன்?" என்று அவர் கேட்க, மற்ற இருவரும் சிரித்து டீயைச் சட்டத்தின் மேலேயே சிந்திவிட்டார்களாம்.

விசாரித்ததில், இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடுகிறது என்று தெரிந்தது. சட்டங்களின் படத்தை எங்கள் பென்ஷன்காரர்கள் குழுவில் போட்டு, "அண்ணா, நீ மட்டும் எப்படி ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினே? உனக்குக் கம்ப்யூட்டரும் இல்ல, படிப்பும் இல்ல" என்று கேட்டார்கள். மராட்டியர்களுக்குத் தெற்கத்தி ஆள் எல்லாம் அண்ணாதான். இதைக் கேள்விப்பட்ட நம் தமிழ் நண்பர்கள், தங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அதையே கட்டுரையாக எழுதித் தரச் சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டு நான்கு நாள் தலைப்பை மட்டும் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இது புதிதல்ல. இருபத்தாறு வருடத்தில் மராத்தியில் நூற்றுக்கு மேல் மடல் எழுதியிருப்பேன். ஒன்றுகூடப் பயப்படாமல் எழுதியதில்லை. பிழை இருக்குமோ, ஆளின் மனம் கோணுமோ, கரண்ட் போய் மைக் நின்றுவிடுமோ என்று வரிசையாகக் கவலைப்படுவேன். 

பிறந்து வளர்ந்தது இதே ஊரில், தாபோடியில். அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து அங்கே ராணுவக் கல்லூரியில் தச்சு வேலை பார்த்தார். தமிழ் வீட்டில் படித்தது, மராத்தி பள்ளியில் படித்தது. ஒன்பதாவதில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, பையை ஆணியில் மாட்டிவிட்டு ஹடப்சரில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். பேக்கிங் பகுதி. மரப்பெட்டிகளின் மேல் பிரஷ்ஷால் ஊர்ப் பெயரும் "இந்தப் பக்கம் மேலே" என்பதும் எழுத வேண்டும். எட்டு வருடம் அதை எழுதினேன். ஒருநாள், ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் லிமயே சாஹேப் அந்த வழியாகப் போனவர், பெட்டி முன்னால் நின்றார். எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை, என்ன தப்பு செய்தோம் என்று. மூன்றாம் நாள் அவருடைய ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். மடல் எழுதிக்கொண்டிருந்த கிளார்க் ஊர் மாறிப் போயிருந்தார். கையெழுத்து அழகாக இருந்தால் உள்ளே விஷயமும் வரும் என்று லிமயே நினைத்துவிட்டார் போல.

லிமயே சாஹேப் ஒல்லியான மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தினமும் ஒரு கொய்யாப்பழம் கொண்டுவந்து, கவர் கிழிக்கிற கத்தியால் நான்காக வெட்டி, ஒரு துண்டைப் பியூன் பிகாஜிக்குக் கொடுத்துவிட்டு மற்றதைத் தின்பார். அவரிடம் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலமாக ஒரு பென்சில் இருந்தது. நாம் எழுதியதில் நீலக் கோடு போட்டால், இன்னும் விசாரி என்று அர்த்தம். சிவப்புக் கோடு போட்டால், எடுத்துவிடு. வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

முதல் மடல் ஒரு வாட்ச்மேனுக்கு. பழைய ஃபைலை எடுத்து, கடமை, நேர்மை, ஒழுக்கம், இன்முகம் எல்லாவற்றையும் நல்ல எழுத்தில் இறக்கி எடுத்துக்கொண்டு போனேன். லிமயே படித்தார். பெயர் இருந்த இடத்தைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு பிகாஜியைக் கூப்பிட்டு, "இதைப் படி. யாருன்னு சொல்லு" என்றார். பிகாஜி வாய்க்குள்ளேயே முழுவதும் படித்தான். முகம் மலர்ந்துவிட்டது. "என்னைப் பத்தித்தானே சாஹேப்? ஆனா எனக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கே" என்றான்.

லிமயே தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சாமி, தாள்ல தேடாதே. கேட்டுக்குப் போய் நில்லு" என்றார். கோவிந்தசாமியை அவர் சாமி ஆக்கியிருந்தார். அன்று மத்தியானம் முழுக்கக் கேட்டில் நின்றேன். அந்த வாட்ச்மேன் தலையைத் திருப்பாமலே, வருகிற சைக்கிளின் சத்தத்தை வைத்து ஆளின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார். செயினுக்கு எண்ணெய் விடாதவனுக்கு வணக்கத்தோடு ஒரு புத்திமதியும் போகும். அதை எழுதினேன். பெயரை மூடிக்கொண்டு படித்தபோது பிகாஜி இரண்டாவது வரியிலேயே ஆளைச் சொல்லிவிட்டான். மடலில் இன்முகம் என்ற சொல் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்குச் சிவப்புக் கோடு விழுந்தது.

அன்றிலிருந்து என் வேலை முறை அமைந்தது. பென்ஷன்கார நண்பர்கள் கேட்டது இதைத்தான் என்பதால் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆகிறவரிடம் எதுவும் கேட்க மாட்டேன். கேட்டால் அவரே ஆலமரம், நிழல் என்று ஆரம்பித்துவிடுவார். அவருக்கு வலப்பக்கம் நின்று வேலை செய்தவரையும் இடப்பக்கம் நின்றவரையும் சேர்த்து உட்கார வைப்பேன். இருவரும் ஒன்றாகத் தலையாட்டினால் அந்த விஷயத்தால் பிரயோசனம் இல்லை. "அவர் அப்படிச் செய்யவே மாட்டார்", "நீ என்ன கண்டே?" என்று இருவருக்கும் சண்டை வந்தால், மடலுக்கான விஷயம் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, வெள்ளைத் தாளில் எழுத மாட்டேன். வெள்ளைத் தாளைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பரீட்சை ஞாபகம் வந்து கை விறைத்துவிடும். பழைய பேக்கிங் ஸ்லிப்பின் முதுகில்தான் எழுதுவேன். அது ஏற்கெனவே குப்பைக்குப் போக வேண்டிய தாள். அதைக் கெடுத்துவிடுவோம் என்று பயப்பட ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் எனக்கு வராது. பேக்கிங் மேசையில் நின்றுகொண்டு எழுதுவேன், பக்கத்தில் ஆணி அடிக்கிற சத்தம் இருந்தால் நல்லது. கடைசியில் பிகாஜியின் பரீட்சை. அவன் பெயரைச் சொல்லிவிட்டால்தான் அச்சுக்குக் கொடுப்பேன்.

கேன்டீனில் சப்பாத்தி போட்ட சுமன்பாய் ரிட்டயர் ஆனபோது, அந்த அம்மாளே என்னைத் தேடி வந்து எச்சரித்துவிட்டுப் போனாள். "அண்ணா, அன்னபூர்ணான்னு மட்டும் எழுதாதே. வீட்டுலயும் அதையே சொல்லித்தான் என்னை அடுப்பை விட்டு எழுந்திருக்க விடல" என்றாள். நான் என்ன எழுதினேன் என்றால், இந்த அம்மாள் தன் சப்பாத்தியைத் தானே ஒருநாளும் தின்றதில்லை, வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொண்டுவருவாள் என்று எழுதினேன். கேன்டீனே எழுந்து நின்று கைதட்டியது. சப்பாத்தி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் அல்லவா. சுமன்பாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கதம் சாஹேபின் முறை வந்தது.

கதம் சாஹேப் மெஷின் ஷாப்பின் ஃபோர்மேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மெஷின் வரிசையில், அவர்கள் பாஷையில் லைனில், நடப்பார். எங்கே நிற்கிறாரோ அங்கே திட்டு விழும். அவருக்கு சைரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபத்தெட்டு வருடத்தில் அவர் ஒருவரைப் பாராட்டியதாகத் தகவல் இல்லை. விழாவுக்குப் பத்து நாள் முன்பு நோட்டீஸ் ஒட்டினோம். மாலைக்குள் அதன் கீழே யாரோ, "அன்றைக்கு எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது" என்று எழுதிவிட்டார்கள். மெஷின் ஷாப்பில் ஒருவரும் வரப்போவதில்லை என்று பேச்சு.

கதமின் மனைவி வருகிறார். ஒரே மகள் கணவனோடு நாசிக்கிலிருந்து வருகிறாள். அவர்கள் முன்னால் காலி நாற்காலிகளுக்கு நான் மடல் படிக்க வேண்டும். அதிலும் என்ன படிப்பது? அன்பானவர் என்று படித்தால் வந்திருக்கிற நான்கு பேரும் சிரிப்பார்கள். உள்ளதைப் படித்தால் அந்த மனிதர் தலைகுனிந்து வெளியே போக வேண்டும். எப்படியானாலும் ஒருவருடைய கடைசி நாளைக் கெடுத்த பழி எனக்கு.

முதல் நான்கு நாள் ஒரு வரி தேறவில்லை. வலப்பக்கம், இடப்பக்கம் என்று உட்கார வைக்க ஃபோர்மேனுக்குப் பக்கம் ஏது? கண்டிப்பானவர் என்று எழுதினேன். நீலக் கோடு. உற்பத்தியைப் பெருக்கினார் என்று எழுதினேன். சிவப்பு. கடமையே கண்ணானவர் என்று எழுதிக்கொண்டு போனபோது லிமயே பென்சிலைக்கூட எடுக்கவில்லை. கொய்யாப்பழத்தில் ஒரு துண்டை எனக்குக் கொடுத்தார். அது சிவப்புக் கோட்டைவிட மோசமாக இருந்தது.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனேன். பர்வதி மலையில் ஏறினால் மனம் தெளியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். மூச்சு வாங்கியதே தவிர வார்த்தை வரவில்லை. என் மனைவி செண்பகம் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா, ரசத்துல கல் கிடக்குதா? தேடிக்கினே கீற?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஆளு திட்டுறவர்னா திட்டுறவர்தான். நீ இன்னாத்துக்கு அவருக்கு வேற மூஞ்சி வெக்கிற?" என்றாள். "உனக்கு என்கூடச் சண்ட போடறப்போ மட்டும் வார்த்த தட்டுப்பாடே வர்றதில்ல. அத நெனச்சிக்கினு எழுது."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழைய ஸ்லிப் கட்டை எடுத்துக்கொண்டு மெஷின் ஷாப்புக்குப் போனேன். எல்லோரும் டப்பாவைத் திறந்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கதம் சாஹேபைப் பற்றி ஒரே ஒரு நல்ல விஷயம் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர்கள் பேசியது மராத்தியும் இந்தியும் கலந்து. நான் தமிழில் சொல்கிறேன்.

"ரிட்டயர் ஆகிறாரே, அது நல்ல விஷயம்தானே?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சப்பாத்தியைப் பிய்க்கத் தொடங்கிவிட்டார்கள். நான் ஸ்லிப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அப்போது லேத் ஓட்டுகிற பாபு ஷேக் கையைக் கழுவிவிட்டு வந்தான். என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். கைகளைப் பின்னால் கட்டினான், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினான், இரண்டடி நடந்து என் எதிரில் நின்றான்.

"பாபு, மெஷினுக்குச் சட்டைன்னா ரொம்ப இஷ்டம். முதல்ல சட்டையைத் தின்னும். அப்புறம் உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கும்."

வட்டம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. பாபு முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போடாமல் வந்த அன்று விழுந்த திட்டாம் அது. உடனே இன்னொருவன் எழுந்தான். அவன் அளவு பார்க்காமல் கண்ணாலேயே பார்த்து வேலை செய்தவன். "உன் கண் என்ன, மைக்ரோமீட்டரா? கழட்டி ஸ்டோர்ல குடுத்துட்டுப் போ. எல்லாரும் உபயோகிக்கலாம்." கல்யாணமான புதிதில் மெஷின் முன்னால் கனவு கண்டவனுக்கு விழுந்தது இது: "கல்யாணம் உனக்குத்தான் ஆச்சு, லேத்துக்கு ஆகல. அது பாவம், வேலை செய்யத் தயாரா இருக்கு." கக்கூஸில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தவனுக்கு: "உள்ளே என்ன, ரெண்டாவது ஷிஃப்ட் ஓடுதா?"

ஆளுக்கு ஆள் போட்டி வந்துவிட்டது. என் திட்டுதான் பெரியது, உன் திட்டெல்லாம் ஒரு திட்டா என்று. எப்போது விழுந்தது, எந்த மெஷின், அன்று மழையா வெயிலா எல்லாம் சொன்னார்கள். ஒரு வார்த்தை பிசகினால் பக்கத்தில் இருப்பவன் திருத்தினான். நான் ஸ்லிப் ஸ்லிப்பாக எழுதிக்கொண்டே இருந்தேன். கை வலித்தது. அவ்வளவு சந்தோஷமாகக் கை வலித்தது அதற்கு முன்பு இல்லை. இந்த மனிதர் இருபத்தெட்டு வருடம் பேசியதில் ஒரு வார்த்தைகூடக் கீழே விழவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக, வட்டத்துக்கு வெளியே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாண்டுரங் டப்பாவை மூடினான். அவன் பம்பின் பாடியை, அதாவது வெளிக்கூட்டை, உள்ளே குடைகிற போரிங் மெஷின்காரன், பேச்சுக் குறைவு.

"என்னோடதையும் எழுதிக்கோ அண்ணா, தைரியம் இருந்தா" என்றான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவன் குழந்தைக்கு ஜுரம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அரை நாள் லீவு கேட்டு நின்றிருக்கிறான். கதம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போ போ. நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? லைன் ஓடும்" என்றிருக்கிறார்.

"லீவு குடுத்தார். கூடவே இதையும் குடுத்தார்" என்றான் பாண்டுரங். குழந்தை பிழைத்துவிட்டது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் அந்த வரியை அவன் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஸ்லிப்பில் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை பேக்கிங் மேசையில் நின்று, ஒரே மூச்சில் எழுதினேன். புகழ்ச்சி ஒன்றும் கிடையாது. இன்னாரிடம் இன்ன சமயத்தில் இவர் சொன்னது இது என்று வரிசையாகத் திட்டுகள் மட்டும். லிமயே, கதமின் பெயரை விரலால் மூடிப் படித்தார். மூன்றாவது திட்டில் அவர் தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு பாண்டுரங்கின் வரிக்கு வந்தார். பென்சிலை எடுத்து நீலப் பக்கம் திருப்பினார், சிவப்புப் பக்கம் திருப்பினார், கீழே வைத்துவிட்டார்.

"இதுல நான் கோடு போட மாட்டேன். படிக்கப் போறது நீ" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். மகள் முன்னால், மருமகன் முன்னால் அந்த வரியைப் படிக்க என் நாக்கு வராது என்று தெரிந்தது. எடுத்துவிட்டு, அச்சுக்குக் கொடுத்து, சட்டமும் போட்டாகிவிட்டது. மனசு கேட்காமல் பாண்டுரங்கிடம் போய்ச் சொன்னேன். அவன் மெஷினைத் துடைத்துக்கொண்டே, "தெரியும் அண்ணா. நல்ல நாள் பாரு, நல்லதாப் படி" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

விழா அன்று கேன்டீனில் முன் வரிசையில் கதம், அவர் மனைவி, மகள், மருமகன். ஆளுக்கொரு தட்டில் சமோசாவும் பேடாவும். மூன்று மணிக்கு நாற்காலிகள் காலி. மூன்று ஐந்துக்கு பாபு ஷேக் வந்தான். அவன் பின்னால் மெஷின் ஷாப் முழுவதும் வந்தது. தங்கள் திட்டு மடலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். இடம் போதாமல் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தார்கள். பாண்டுரங் வாசற்படியில் நின்றான், உள்ளே வரவில்லை.

பெயரைச் சொல்லாமல் முதல் திட்டைப் படித்தேன்.  கதம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள்.  இரண்டாவதைத் தொடங்கினேன், "உன் கண் என்ன" என்பதற்குள் ஜன்னல் பக்கத்திலிருந்து "மைக்ரோமீட்டரா?" என்று ஒரு குரல் முடித்தது. மூன்றாவதில் நான் பாதி படித்தால் போதும் என்று ஆகிவிட்டது. மீதியைக் கேன்டீனே சொன்னது. கக்கூஸ் திட்டு வந்தபோது முதலில் சிரித்தது கதமின் மனைவி. "வீட்டுலயும் இதையேதான் சொல்வார்" என்று மகளிடம் சொன்னது மைக்கில் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் எங்கே படித்தேன், நின்றுகொண்டு இருந்தேன். கதம் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், எது யாருடையது என்று சரிபார்க்கிற மாதிரி.

மரியாதை பெற்றவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது வழக்கம். கதம் மைக் முன்னால் வந்தார். சட்டம் போட்ட மடலை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வரிக்கு வரி விரல் வைத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார், மெஷினிலிருந்து வந்த உருப்படியைச் சோதிப்பது போல. எல்லோரும் காத்திருந்தோம்.

"அண்ணா, ஒண்ணு குறையுது" என்றார்.

பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது.

"பாண்டுரங்குக்குச் சொன்னது இதுல இல்ல."

 அந்த வரியை அவரே மைக்கில் சொன்னார், ஒரு எழுத்து மாறாமல். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கு லைன் ஓடல" என்றார் கதம். "போரிங் மெஷின்ல நிக்க ஆள் இல்ல. நானே நின்னேன். ஒன்பது பம்பு பாடியைக் கெடுத்தேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பெஞ்சுக்கு அடியில தள்ளி வெச்சேன். இத்தனை வருஷம் சொல்லல. சொல்ல வரல."

 வாசற்படியிலிருந்து பாண்டுரங்கின் குரல் வந்தது.

"ஒன்பது இல்ல சாஹேப். பதினொண்ணு."

கதம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எண்ணினியா?"

"மறுநாள் மெஷினைச் சுத்திப் பெருக்கறப்போ."

"எண்ணிட்டு ஏழு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தியா, கழுதை?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன் சாஹேப்."

கதம் மைக்கை விட்டு இறங்கி வாசல் வரை நடந்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, அந்தப் பக்கம் நாற்காலிகள் தள்ளுகிற சத்தம், சிரிப்பு, ஊர்வலத்துக்கு வைத்திருந்த குலால் என்கிற சிவப்புப் பொடியை யாரோ முன்கூட்டியே வீசிவிட்டார்கள். திரும்பி வந்தபோது இருவர் தலையும் சிவப்பாக இருந்தது. கதம் சட்டத்தை என் மேசை மேல் வைத்து, "கண்ணாடியைக் கழட்டு. அதையும் எழுது" என்றார்.

பின்பக்க ஆணிகளைச் சமோசா வைத்திருந்த தட்டின் ஸ்பூனால் நெம்பி எடுத்தேன். அச்சடித்த மடலின் அடியில் இரண்டு விரற்கடை இடம் இருந்தது. நல்ல தாள், வெள்ளைத் தாள், சுற்றிலும் நூறு பேர். பயப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பாண்டுரங் ஒரு பக்கம் நின்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனேன்: குழந்தைக்கு ஜுரம் என்று லீவு கேட்டவனிடம் இவர் சொன்னது, அன்று லைன் ஓடாதது, இவரே மெஷினில் நின்றது. கெட்டுப்போன பாடிகளின் எண்ணிக்கைக்கு வந்தபோது கதம் ஒன்பது என்றார்.

"பதினொண்ணு சாஹேப். ரெண்டு உருண்டு சுவர் ஓரமாப் போயிருந்துச்சு."

"அந்த ரெண்டும் நீ கெடுத்தது."

"நான் கெடுத்தா நேரா ஸ்கிராப்புக்குப் போகும். பெஞ்சு அடியில போகாது."

பேனாவைப் பிடித்துக்கொண்டு இருவர் முகத்தையும் பார்த்தேன். விட்டுக்கொடுக்கிற முகங்களாக இல்லை. வெளியே, கதமை ஊர்வலமாக வீட்டுக்குக் கூட்டிப்போகிற ஜீப்பின் பக்கத்தில் காத்திருந்த டோல் மேளக்காரர்கள் பொறுமை இழந்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒன்பதோ பதினொன்றோ என்று எழுதி, கண்ணாடியை மூடி, கதம் சாஹேபின் கையில் கொடுத்தேன்.